வைட்டமின் டி-க்குத் துணையாக மெக்னீசியம்: எந்த மாத்திரையை வாங்குவது?

வைட்டமின் டி மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் இரத்தப் பரிசோதனையில் அளவு உயரவில்லை என்று சொல்பவர்களுக்கு இப்போதெல்லாம் உடனே கிடைக்கும் அறிவுரை, கூடவே மெக்னீசியமும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்த அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை நம்பி மருந்துக்கடைக்குப் போகிறவர் முன்னால் ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட், மாலேட், டாரேட், திரியோனேட் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொரு புட்டியின் முன்பக்கத்திலும் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது மட்டும் புட்டிக்குப் புட்டி வேறுபடுகிறது. இங்கே நான் மதிப்பிடுவது ஒரு நிறுவனத்தின் தயாரிப்பை அல்ல. வீட்டில் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்த வகைகளை, வைட்டமின் டி-க்குத் துணை என்ற ஒரே நோக்கில் வைத்துப் பார்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வேறு எதுவும் கலக்காத கிளைசினேட் அல்லது சிட்ரேட், நாளொன்றுக்கு 100 முதல் 200 மி.கி. வரை தனிம மெக்னீசியம் (அதாவது, சேர்மத்தின் மொத்த எடை அல்ல, அதிலுள்ள மெக்னீசியத்தின் எடை மட்டும்) தரும் அளவில் இருந்தால், இந்த நோக்கத்துக்கு அது போதும். அதற்கு மேல் செலவழிப்பது பெரும்பாலும் விளம்பரத்துக்குக் கொடுக்கும் காசு.

வைட்டமின் டி, உடலுக்குள் போன வடிவிலேயே வேலை செய்வதில்லை. வெயிலால் தோலில் உருவானதாக இருந்தாலும் மாத்திரையில் வந்ததாக இருந்தாலும், அது முதலில் கல்லீரலில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி-யாக மாறுகிறது. பரிசோதனைக் கூடங்கள் அளந்து சொல்வது இந்த வடிவத்தைத்தான். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு முறை மாற்றம் பெற்று, குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சச் செய்யும் செயல்வடிவத்தை அடைகிறது. இந்த மாற்றங்களை நடத்தும் நொதிகளுக்கும், மிஞ்சியதைச் சிதைக்கும் நொதிக்கும் மெக்னீசியம் துணை நிற்கிறது. கால்சியம் குறையும்போது சிறுநீரகத்தை முடுக்கிவிடும் பாராதைராய்டு சுரப்பும் மெக்னீசியம் மிகவும் குறைந்தால் மந்தமாகிவிடுகிறது. வைட்டமின் டி கொடுத்தும் குணமாகாத ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மென்மை நோயுள்ள சில குழந்தைகள், மெக்னீசியம் கொடுத்த பிறகு தேறியதை 1974-இலேயே லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரை பதிவு செய்திருக்கிறது. ஆகவே இந்தத் தொடர்பு சப்ளிமென்ட் வியாபாரிகள் நேற்றுக் கண்டுபிடித்த ஒன்றல்ல.

ஆனால் இந்தத் தொடர்பு விளம்பரம் சொல்கிற திசையில் மட்டும் ஓடுவதில்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 முதல் 85 வயது வரையுள்ள 180 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் டி அளவு குறைவாக இருந்தவர்களுக்கு மெக்னீசியம் அதை உயர்த்தியது; ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களுக்கோ அதே மெக்னீசியம் அளவைச் சற்றுக் குறைத்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் என்பதையொட்டி இந்தத் திருப்பம் நிகழ்ந்தது. உருவாக்கும் நொதிக்கும் சிதைக்கும் நொதிக்கும் அதே கனிமம் தேவைப்படுகிறது என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பு இல்லை. எனவே புட்டியின் மேல் 'வைட்டமின் டி உறிஞ்சுதலைக் கூட்டும்' என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கு விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வைட்டமின் டி குடலில் உறிஞ்சப்படுவதற்குத் தேவைப்படுவது சாப்பாட்டில் உள்ள கொழுப்பு. மெக்னீசியத்தின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இதிலிருந்து வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியும் கிடைக்கிறது: உண்மையிலேயே குறைபாடு இருக்கிறதா? வயதுவந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மி.கி., பெண்களுக்கு 310 முதல் 320 மி.கி. என்பது அமெரிக்கப் பரிந்துரை. கீரை, பயறு, கொட்டை, முழுத்தானியம் ஆகியவற்றைத் தாராளமாகச் சாப்பிடுகிறவர்கள் இதில் பெரும்பகுதியை உணவிலேயே பெற்றுவிடுவார்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் உள்ளவர்கள், நாள்பட்ட குடல் நோய் உள்ளவர்கள், மிகுதியாக மது அருந்துகிறவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்குக் குறைபாடு வருவதற்கான வாய்ப்பு அதிகம். ஒமெப்ரசோல் வகை மருந்துகள் மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்தது. இரத்தத்தில் மெக்னீசியம் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், முழுமையாகத் தெரியாது. உடலில் உள்ள ஏறக்குறைய 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. இரத்த நீரில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கு இயல்பாக இருக்கும்போதே உள்ளிருப்பு குறைந்திருக்கலாம்.

இனி லேபிளுக்கு வருவோம். மெக்னீசியம் எந்த மாத்திரையிலும் தனியாக இருப்பதில்லை. ஏதாவது ஒரு அமிலத்தோடோ ஆக்சிஜனோடோ சேர்ந்த உப்பாகவே இருக்கிறது. அந்த உப்பின் எடையில் உண்மையான மெக்னீசியம் எவ்வளவு என்பதுதான் தனிம மெக்னீசியம். ஆக்சைடில் எடைக்கு 60 சதவீதம் மெக்னீசியம், நீரற்ற சிட்ரேட்டில் ஏறக்குறைய 16, கிளைசினேட்டில் 14, குளோரைடு படிகத்தில் 12, திரியோனேட்டில் 8 அளவுக்கே. எனவே '1000 மி.கி. மெக்னீசியம் கிளைசினேட்' என்று முன்பக்கத்தில் போட்டிருக்கும் புட்டி தருவது 1000 மி.கி. மெக்னீசியம் அல்ல, சுமார் 140 மி.கி. தான். அதற்குப் பக்கத்தில் நிற்கும் '500 மி.கி. ஆக்சைடு' புட்டியோ 300 மி.கி. தருகிறது. முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவர் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு போகிறார். பின்பக்கத்தில், சத்து விவரப் பட்டியலில், 'தனிம மெக்னீசியம்' என்றோ 'இன்ன உப்பிலிருந்து கிடைக்கும் மெக்னீசியம்' என்றோ தெளிவாக எழுதாத புட்டியை நான் திருப்பி வைத்துவிடுவேன். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு நிறுவனத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. எழுதாமல் விடுவதில் தான் அதற்கு ஆதாயம்.

இதே கணக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கிறது. கிளைசினேட் என்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை ஆக்சைடு கலந்தவை. இதற்கு 'பஃபர்ட்' என்று ஒரு கௌரவமான பெயரும் உண்டு. 1000 மி.கி. கிளைசினேட்டிலிருந்து 200 மி.கி. மெக்னீசியம் கிடைக்கிறது என்று லேபிள் சொன்னால், விகிதம் 20 சதவீதம் ஆகிறது. தூய கிளைசினேட்டில் அது 14-ஐத் தாண்ட வழியில்லை. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஆக்சைடுதான். 200 மி.கி. தனிம மெக்னீசியத்தைத் தூய கிளைசினேட்டிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் 1400 மி.கி. தூள் வேண்டும், அது ஒரு சிறிய கேப்ஸ்யூலுக்குள் அடங்காது, இரண்டோ மூன்றோ விழுங்க வேண்டியிருக்கும். ஆகவே விழுங்குவதற்கு எளிதான ஒற்றைச் சிறு மாத்திரையில் '200 மி.கி., முழுவதும் கிளைசினேட்' என்ற வாக்குறுதியைப் பார்த்தால் நம்ப வேண்டியதில்லை. பஃபர்ட் வகை கெடுதல் என்று நான் சொல்லவில்லை. கலந்திருப்பதைச் சொல்லிவிட்டு விற்பவரிடம் எனக்குக் குறையில்லை. கிளைசினேட்டின் விலையைக் கேட்டுவிட்டு ஆக்சைடைத் தருவதுதான் உறுத்துகிறது.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளவும் முடியும். கேப்ஸ்யூலைத் திறந்து தூளை அரைத் தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கொட்டிக் கலக்கினால், கிளைசினேட் பெரும்பாலும் கரைந்து நீர் ஏறக்குறையத் தெளிந்துவிடுகிறது. சிட்ரேட் தாமதமாகக் கரைகிறது. நாக்கில் வைத்தால் புளிப்பு தெரிகிறது. ஆக்சைடு கலக்கும்போது பால்போல வெளுத்து, ஸ்பூனை எடுத்த சிறிது நேரத்தில் சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடுகிறது. நான் இப்படிப் பார்த்த ஒரு 'தூய கிளைசினேட்' புட்டியின் தூள் பாதிக்கு மேல் அடியில் தங்கியது. கேப்ஸ்யூலில் சேர்க்கப்படும் சிலிக்கா, செல்லுலோஸ் போன்றவையும் கரையாதவை என்பதால் இதை உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் லேபிளில் போட்ட கணக்கும் தம்ளரில் கண்ட படிவும் ஒரே பக்கம் கை காட்டும்போது சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

அப்படியானால் ஆக்சைடு வேண்டவே வேண்டாமா? அதன் மேல் சுமத்தப்படும் பழி கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். அது நீரில் கரையாது, வயிற்று அமிலத்தில்தான் கரைகிறது. கரைந்து உறிஞ்சப்படும் பங்கு சிட்ரேட்டைவிடக் குறைவு என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தாது. மெக்னீசியம் அதிகம் தேவைப்படுகிறவர்களும் அவர்களாகவே இருப்பது இந்த விஷயத்தில் உள்ள முரண். உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் பகுதி நீரை இழுத்துக்கொள்வதால் வயிறு இளகுகிறது. மலச்சிக்கல் உள்ள ஒருவருக்கு இதுவே நன்மையாகிவிடும். மற்றவர்களுக்கு, மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இதை எடுத்து, அடிக்கடி கழிப்பறைக்கு ஓடி, ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவதைவிட அளவு குறைந்த சிட்ரேட் மேல்.

சிட்ரேட்டுக்கும் கிளைசினேட்டுக்கும் இடையில் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை உள்ளே சென்ற மெக்னீசியம் எந்த உப்பிலிருந்து வந்தது என்று நொதிகள் கேட்பதில்லை. வயிறு எளிதில் இளகுகிறவர்களுக்குக் கிளைசினேட் ஒத்துப்போகும். மேலே சொன்ன 2018 ஆய்விலும் அதுதான் கொடுக்கப்பட்டது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சிட்ரேட் தூள் வசதி. நீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரை குடிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நுரைக்காகச் சோடியம் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். மாலேட்டிலும் குறைசொல்ல ஒன்றுமில்லை. திரியோனேட் மூளைக்கு என்று சொல்லி அதிக விலைக்கு விற்கப்படுகிறது; மெக்னீசியம் மிகக் குறைவாகத் தரும் அதை வைட்டமின் டி-க்காக வாங்க எந்தக் காரணமும் இல்லை. தோலில் தடவும் எண்ணெய், கால் ஊறவைக்கும் எப்சம் உப்பு ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஒரே மாத்திரையில் கால்சியம், வைட்டமின் டி3, மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் அடங்கிய கூட்டு மாத்திரைகள் பலருடைய முதல் தேர்வு. ஒன்றை விழுங்கினால் வேலை முடிந்தது என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் கால்சியமே இடத்தை அடைத்துக்கொள்வதால் மெக்னீசியம் பெரும்பாலும் 50 அல்லது 100 மி.கி. என்ற அளவில், அதுவும் ஆக்சைடாகவோ ஹைட்ராக்சைடாகவோ, பெயருக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய குறை, அளவைத் தனித்தனியாக மாற்ற முடியாமல் போவது. வைட்டமின் டி-யை மருத்துவர் கூட்டச் சொன்னால் கால்சியமும் தானாகக் கூடிவிடும். வயிறு இளகுகிறதே என்று மெக்னீசியத்தைக் குறைத்தால் வைட்டமின் டி-யும் குறைந்துவிடும். தனித்தனியாக வாங்குவது சற்றுத் தொந்தரவு என்றாலும் அதையே பரிந்துரைப்பேன். இங்கே ஒரு சின்ன விஷயம்: 'இதரப் பொருள்கள்' பட்டியலில் மெக்னீசியம் ஸ்டியரேட் என்ற பெயரைப் பார்த்து, இதிலும் மெக்னீசியம் இருக்கிறதே என்று மகிழ்பவர்கள் உண்டு. அது இயந்திரத்தில் தூள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்படும் மசகு. சத்துக் கணக்கில் வராது.

அளவைப் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி எழுகிறது. ஒரு நாளைத் தேவை 400 மி.கி. என்றால் மாத்திரையிலேயே 400 மி.கி. எடுக்க வேண்டும் என்பதில்லை. உணவில் வருவதற்கும் தேவைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பினால் போதும். சப்ளிமென்ட் மூலம் மட்டும் எடுத்துக்கொள்ளும் மெக்னீசியத்துக்கு அமெரிக்க வரம்பு வயதுவந்தோருக்கு 350 மி.கி.; ஐரோப்பிய வரம்பு 250 மி.கி. இரண்டுமே உணவில் உள்ளதைச் சேர்க்காத எண்கள். ஒரே நேரத்தில் எடுக்கும் அளவு கூடக்கூட உறிஞ்சப்படும் விகிதம் குறைவதால், 200 மி.கி. எடுப்பவர் காலையில் பாதி, இரவில் பாதி என்று உணவுக்குப் பிறகு பிரித்துக்கொள்வது நல்லது. வயிற்றுக்கும் அதுதான் இதம். வைட்டமின் டி மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி இரத்தத்தில் வாரக்கணக்கில் தங்குவதால் சில மணி நேர இடைவெளி எதையும் மாற்றாது.

இடைவெளி மிகவும் முக்கியமாகும் இடம் வேறு. டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளை மெக்னீசியம் குடலில் பிடித்துவைத்துக்கொள்வதால், அவற்றை மெக்னீசியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சினுக்கு நான்கு மணி நேரமும், எலும்பு அடர்த்திக்கான அலென்ட்ரோனேட் வகை மருந்துகளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமும் விட வேண்டும். வைட்டமின் டி தேடும் வயதினரே தைராய்டு மாத்திரையும் எலும்பு மாத்திரையும் சாப்பிடுகிறவர்களாகப் பெரும்பாலும் இருப்பதால், இதைப் புட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். நான் பார்த்த புட்டிகளில் இருந்ததோ 'மருந்து எடுப்பவர்கள் மருத்துவரை அணுகவும்' என்ற, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய ஒரு வரி. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் மெக்னீசியத்தைத் தொடவே கூடாது. மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாதபோது இரத்தத்தில் தேங்கி, தசைத் தளர்ச்சி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மூச்சுத் திணறல், இதயத் துடிப்புக் கோளாறு வரை கொண்டுபோகும்.

தரத்துக்கு யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற வெளி அமைப்புகளின் முத்திரை ஒரு நல்ல அடையாளம். லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறதா, ஈயம் போன்ற மாசு வரம்புக்குள் இருக்கிறதா என்று அவை பார்க்கின்றன. உங்களுக்கு அது பலன் தருமா என்பது அவற்றின் வேலை அல்ல. ஜெல்லி மிட்டாய் வடிவம் குழந்தைகளை ஈர்க்கும் என்பதாலேயே எனக்குப் பிடிக்கவில்லை, சர்க்கரை வேறு. புட்டியில் 120 என்ற எண்ணைப் பார்த்து நான்கு மாதத்துக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடுவதற்கு முன், ஒரு வேளை அளவு எத்தனை கேப்ஸ்யூல் என்று பார்த்துவிட வேண்டும். மூன்று என்று இருந்தால் அது 40 நாளுக்குத்தான் வரும்.

வாங்கிய பிறகு பலன் தெரிகிறதா என்பதை உடம்பில் தெம்பு கூடியதா, தூக்கம் வந்ததா என்று வைத்து முடிவு செய்வதைவிட, தொடங்கும்போதே 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவை எடுத்து வைத்துக்கொண்டு, வைட்டமின் டி அளவை மாற்றாமல், ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி பார்ப்பதே நேர்மையான சோதனை. கூடத்துக்குக் கூடம் அளக்கும் முறை வேறுபடுவதால் இடத்தை மாற்றினால் ஒப்பிட முடியாது. வெயிலில் இருக்கும் நேரம் வெகுவாக மாறும் பருவங்களில் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் அறிக்கையிலேயே 30 நானோகிராமைத் தாண்டியிருந்தால், மெக்னீசியம் சாப்பிட்டு அதை மேலும் உயர்த்தலாம் என்று எதிர்பார்த்துப் புட்டி வாங்க வேண்டாம்.